கரடி பார்த்த இடம்

செங்கரடு நகராட்சியில் காட்டை நட்டு வளர்ப்பதில்லை. கல்லில் ஒரு மிருகத்தைச் செதுக்கி, கண்ணைத் திறந்து, காடு வேண்டிய இடத்தைப் பார்க்க வைத்துவிடுவார்கள். மான் பார்த்தால் புல் முளைக்கும், யானை பார்த்தால் மூங்கில். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. கண் திறந்ததும் கல் முதலில் எதைப் பார்க்கிறதோ அதையேதான் கடைசிவரை பார்த்துக்கொண்டிருக்கும். பக்கத்து ஊர்க்காரர்கள் கோயில் வழக்கத்தை நினைத்துக்கொண்டு கல் மானுக்கு முதலில் கண்ணாடியைக் காட்டினார்கள். மான் மேலேயே புல் முளைத்துவிட்டது. இன்றைக்கும் மாதம் ஒருமுறை ஆள் வைத்து அந்த மானுக்கு முடிவெட்டுகிறார்கள்.

செங்கரட்டின் பூங்கா அலுவலர் துளசிமணி அப்படிப்பட்ட தப்பெல்லாம் செய்கிற ஆள் இல்லை. நாற்பத்து மூன்று வயது. எடுத்த காரியத்தை முடிக்காமல் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டாள் என்று அவள் வீட்டுக்காரர் ரத்தினசாமியே சொல்வார். அவர் மெயின் ரோட்டில் பேக்கரி வைத்திருக்கிறார். அவள் இந்த முறை எடுத்த காரியம், ஊர் நடுவில் இருக்கும் பழைய பஸ் ஸ்டாண்டைக் காடாக்குவது.

பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே மாற்றியபிறகு, பழைய இடம் நாலு ஏக்கர் சிமென்ட் தரையாகச் சும்மா கிடந்தது. அங்கேதான் துளசிமணி பதினெட்டு வருஷம் பஸ்ஸுக்கு நின்றாள். ஒரு மரம் கிடையாது. நடுவில் ஒரே ஒரு விளக்குக் கம்பம். காலை ஒன்பது மணிக்குக் கம்பத்தின் நிழல் நீளமாக விழும். ஜனங்கள் அந்த நிழலில் ஒருவர் பின் ஒருவராக வரிசையாக நிற்பார்கள். நிழல் நகர நகர வரிசையும் நகரும். ஒரு சித்திரை மாதம் அவளுக்கு முன்னால் நின்ற பெண் மயங்கி விழுந்தாள். வரிசை ஓரடி முன்னால் நகர்ந்தது. துளசிமணியும் நகர்ந்தாள். நகர்ந்த தன் கால்களை நினைத்து அன்றைக்கு வந்த கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

நகர்மன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். ஆடிப் பதினெட்டாம் தேதி மாலை நாலு மணிக்குள் அந்த நாலு ஏக்கரில் ஓரடி பாக்கி இல்லாமல் காடு நிற்க வேண்டும். இல்லையென்றால் அங்கே கடைவளாகம் வந்துவிடும். வரைபடம்கூடத் தயாராகச் சுவரில் தொங்கியது.

"மான் வெச்சுரலாம் அம்மணி," என்றார் தலைவர் சென்னியப்பன். "பச்சைப் பசேல்னு புல்லு வந்துரும். நடுவுல ஒரு நீரூத்து. போட்டோவுக்கு நல்லா இருக்கும்."

"மான் காட்டுக்குத் தண்ணி ஊத்தோணும், வாரம் ஒருக்கா வெட்டோணும் தலைவரே. கரடி காடு யாரையும் எதையும் கேக்காதுங்க. முள்ளும் புத்துமா அது பாட்டுக்கு நிக்கும்."

"ஊருக்கு நடுவுல முள்ளா?"

"முள்ளுக்கும் நிழல் இருக்குதுங்க."

ஒற்றைக்காலில் நின்று கரடியையே வாங்கினாள்.

சிற்பி குழந்தைவேல் ஆசாரிக்குத் தலைக்குமேல் வேலை. மூன்று யானை, ஒரு காட்டெருமை, இரண்டு நகராட்சிகளுக்குக் குரங்கு என்று பட்டறை நிறையக் கல் அரைகுறையாக உட்கார்ந்திருந்தது. ஆனாலும் துளசிமணியின் தொல்லை தாங்காமல் குவாரிக்கு வந்தார். பாறை பாறையாகச் சுத்தியலால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, மணிபோலச் சத்தம் கொடுத்த ஒரு கருங்கல்லைக் காட்டி, "இதுக்குள்ளதான் உக்காந்திருக்குது," என்றார். நாற்பது நாளில் கரடி வெளியே வந்தது. இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்து, கடைவாசலில் ஆளுக்காகக் காத்திருக்கும் மனுஷன்போல உட்கார்ந்திருந்தது. ஆள் உயரத்துக்குமேல் ஒரு முழம் இருக்கும். பஸ் ஸ்டாண்டுக்கு நடுவே, டைம் கீப்பர் அறை இருந்த இடத்தில் சிமென்ட் பீடம் கட்டி ஏற்றினார்கள். ஒப்பந்தத்தை வழக்கப்படி கல்லின் காதில் வாசித்தார்கள். வேலை முடியும்வரை பீடத்தைவிட்டு இறங்கக்கூடாது. வேலை முடிந்தபின் அதன் இஷ்டம்.

கண் திறக்கிற அன்றைக்குத்தான் வந்தது வினை.

கண் திறக்கும்போது எதிரில் யாரும் நிற்கக்கூடாது. எல்லோரும் கரடியின் முதுகுப் பக்கம் நின்றார்கள். எதிரில் வெறும் சிமென்ட் வெளி. ஆசாரி பக்கவாட்டில் ஏணிமேல் நின்று வலது கண்ணை முடித்துவிட்டு, இடது கண்ணுக்கு உளியை வைத்தார். இனி ஒரே தட்டு. இரண்டு கண்ணும் சேர்ந்தே திறக்கும்.

இப்போது தலைவர் சென்னியப்பனைப் பற்றிச் சொல்லவேண்டும். நல்ல மனுஷர், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் போட்டோக்காரரைக் கண்டால் அவருக்குக் கை நமநமக்கும். காரின் பின்சீட்டில் எந்நேரமும் பத்துப் பொன்னாடை மடித்து வைத்திருப்பார். கடை திறப்பா, காதுகுத்தா, கண்ணில் பட்டவருக்குப் போர்த்தி ஒரு படம் எடுத்துக்கொள்வார். அன்றைக்கும் ஆசாரி உளியை வைத்த நேரத்தில், பொன்னாடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, போட்டோக்காரர் பின்தொடர, கரடிக்கு எதிர்ப்பக்கமாகவே வந்தார்.

துளசிமணி பாய்ந்தாள். பொன்னாடையின் நுனியைப் பிடித்து ஒரே இழு. தலைவர் பீடத்துக்குப் பின்னால் போய் விழுந்தார். டங் என்று உளிச்சத்தம் கேட்டது. துளசிமணி நிமிர்ந்து பார்த்தபோது கரடி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"போச்சுங் அம்மணி," என்றார் ஆசாரி, ஏணியிலிருந்து இறங்காமலே. "அடிச்ச அடியத் திருப்பி வாங்க முடியாது. இனி அது உங்களத்தான் பாக்கும்."

துளசிமணிக்கு ஓவென்று அழவேண்டும்போல இருந்தது. ஆனால் அழவில்லை. இடது பக்கம் நாலு எட்டு நடந்தாள். கல்லின் கருவிழிகள் கூடவே நகர்ந்தன. அவள் நின்ற இடத்தில் சிமென்ட் மெல்ல வெடித்து, செருப்பைச் சுற்றிக் கொழுக்கட்டைப்புல் ஒரு விரல் அளவு எட்டிப் பார்த்தது. கரடியின் முதுகுப் பக்கம் போனாள். கரடி பீடத்திலேயே எழுந்து, திரும்பி, மறுபடி உட்கார்ந்தது. ஆட்டுக்கல் சுற்றுகிற சத்தம் வந்தது.

"இன்னும் எத்தன நாள் இருக்குதுங்க?" என்று கேட்டாள்.

"இருவத்திரெண்டு," என்றார் ஆசாரி.

தலைவர் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து வேட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு வேறு வருத்தம். "நீ இழுக்காம உட்டிருந்தீன்னா அது என்னையல்ல பாத்திருக்கும்? எலெக்ஷன் நேரத்துல போற வார்டுக்கெல்லாம் காடு எம்பின்னால வந்திருக்கும். கெடுத்துப் போட்டயே."

முதல் நாள் வீணாகத்தான் போனது. விஷயம் தெரியாமல் துளசிமணி வெயில் இருக்கும்போதே ஸ்கூட்டரில் வீட்டுக்குக் கிளம்பினாள். இடையில் எத்தனை சுவர் இருந்தாலும் கல்லின் பார்வைக்கு அது பொருட்டில்லை. மெயின் ரோடு நெடுக ஒற்றையடி அகலத்துக்குப் புல் கோடு போட்டது. பேக்கரியில் அவள் பத்து நிமிஷம் உட்கார்ந்ததற்குத் தேங்காய் பன் தட்டு முழுக்கச் சங்கமுள். ரத்தினசாமி முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுவிட்டு வியாபாரத்தைப் பார்த்தார். மறுநாள் இரண்டு பேர் வந்து, முள் வைத்த பன் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருட்டியதும் முளைப்பது நின்றுவிட்டது. வெளிச்சம் இல்லாமல் கல்லுக்குக் கண் தெரியாது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

"விடியறதுக்குள்ள போயிருவேன். பொழுது எறங்கினதும் வந்துருவேன்," என்றாள்.

"எத்தன நாளைக்கு?"

"மொத்தம் இருவது பஸ் நிக்கற எடம். நான் உக்காந்தா என்னையச் சுத்தி ஒரு கல்யாண மண்டபத்தளவு காடு வருது. ஒரு எடத்துக்கு ஒரு முழு நாள். இருவத்தோரு நாள் கையில இருக்குது. ஒரு நாள் மிச்சம்."

"அந்த ஒரு நாள் எனக்கு," என்றார் ரத்தினசாமி. "ஆடிப்பெருக்குக்குப் பவானிக்குப் போலாம்னு ஏழு வருஷமாச் சொல்லீட்டு இருக்கறே. இந்த வாட்டி போறோம்."

"சத்தியமாப் போறோம்," என்றாள் துளசிமணி. சொன்னதை அவள் நம்பவும் செய்தாள்.

பேக்கரியிலிருந்து ஒரு மர நாற்காலியை எடுத்துக்கொண்டாள். 'ஈரோடு' என்று போர்டு தொங்கிய இடத்தில் முதலில் போட்டு உட்கார்ந்தாள். விடியலில் புல். பத்து மணிக்குச் சங்கஞ்செடி. உச்சி வெயிலில் சிமென்ட் பிளந்து வெள்வேலங்கன்று கிளம்பி, பொழுது சாய்வதற்குள் அவள் தலைக்குமேல் குடை பிடித்தது. மறுநாள் கோவை பஸ் நிற்கும் இடத்தில் இலந்தை. தாராபுரத்தில் கிளுவை. பழனியில் ஆள் உயரத்துக்கு ஒரு கறையான் புற்று. நாவல் வரவேண்டும் என்று கரூர் இடத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழாமல் உட்கார்ந்தாள். வந்தது.

அசையாமல் உட்காருவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஆடிக்காற்று வேறு மண்ணை வாரி முகத்தில் அடித்தது. கல்லாக இருந்தாலும் ஒரு ஜோடிக் கண் நாள் முழுக்க நம்மையே பார்த்தால் எப்படி இருக்கும்? மூன்றாம் நாள் அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "என்ன அப்படிப் பாக்கறே? மூஞ்சியில பூச்சியா ஊறுது?" என்று கத்தினாள். உண்மையில் ஊறிக்கொண்டுதான் இருந்தது. காடு இடத்தில் மட்டுமா வரும், பார்க்கப்படுகிற ஆள் மேலும் வரும். புடவைக் கரையில் புல் வேர்விட்டது. கொண்டையில் சங்கம்பூ. தினம் ராத்திரி ரத்தினசாமி சீப்பை எடுத்து அவள் தலையிலிருந்து விதைகளைச் சீவி ஒரு டப்பாவில் போட்டு மூடிவைத்தார். பத்தாம் நாளுக்கு மேல் அவளும் சீவச் சொல்லவில்லை, அவரும் சீவவில்லை. கைப்பையில் தையல்சிட்டு கூடு தைத்துவிட்டது. அவள் ஸ்கூட்டர் சாவியைத் தனியாக இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

பன்னிரண்டாம் நாள் காய்ச்சல். நெருப்பாகக் கொதித்தது. ஆசாரி வந்து பார்த்துவிட்டு, "ஒரு நாள் படுங்க அம்மணி. மிச்சம் ஒரு நாள் இருக்குதல்ல," என்றார்.

"அது பவானிக்கு."

"கடைவளாகம் வந்துருச்சுன்னா பவானிக்குப் போயி என்ன கும்பிடுவீங்க?"

"வராது," என்று சொல்லிவிட்டு நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வெயில் இறங்குகிற நேரம், எதிர்வெயில் கண்ணைக் குத்தியது. தலை சுற்றியது. அந்தச் சித்திரையில் விழுந்த பெண்ணைப்போல இப்போது தானும் விழப்போகிறோம், யாரோ ஓரடி முன்னால் நகரப்போகிறார்கள் என்று நினைத்தாள். அப்போது ஆட்டுக்கல் சுற்றுகிற சத்தம் கேட்டது. கரடி பீடத்தின்மேல் எழுந்து நின்றது. அதன் நிழல் நீண்டு வந்து அவள்மேல் விழுந்தது. பொழுது மறையும்வரை அது உட்காரவே இல்லை. பீடத்தைவிட்டு இறங்கவும் இல்லை. ஒப்பந்தப்படி அதில் எந்தத் தவறும் இல்லை. துளசிமணிக்குக் கண் நிறைந்துவிட்டது. காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டாள்.

இருபதாவது நாள் மாலை, கடைசி இடமும் முடிந்தது. கௌதாரிகள் கத்தின. கீரி ஒன்று பழைய டிக்கெட் கவுண்டருக்குள் குடும்பத்தோடு குடியேறியிருந்தது. துளசிமணி நாற்காலியை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் உட்கார்ந்து, பவானிக்கு எலுமிச்சை சாதமா தேங்காய் சாதமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். ஆசாரி மெல்ல வந்து பக்கத்தில் நின்றார். மென்று விழுங்கினார்.

"என்னங்க, சொல்லுங்க."

"ஒண்ணு உட்டுப் போச்சுங் அம்மணி. கரடி எல்லாத்தையும் பாத்துச்சு. அது உக்காந்திருக்கற எடத்த அது பாக்கவே இல்ல."

திரும்பிப் பார்த்தாள். நாலு ஏக்கர் காட்டுக்கு நடுவில், பீடமும் அதைச் சுற்றி ஒரு கல்யாணப் பந்தல் அளவுக்குச் சிமென்டும் மொட்டையாக இருந்தன. சிரிக்கிற மாதிரி வெள்ளையாக இருந்தன. ஓரடி பாக்கி இருக்கக்கூடாது என்பது தீர்மானம்.

வீட்டுக்குப் போய் ரத்தினசாமியிடம் சொன்னாள். அவர் எலுமிச்சம்பழத்தை எடுத்து உள்ளே வைத்தார். "போ. எட்டு வருஷம்னு கணக்கு வெச்சுக்கறேன்," என்றார். அவளுக்கு அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளவேண்டும்போல இருந்தது. தலையில் முள் இருந்ததால் முடியவில்லை.

ஆடிப் பதினெட்டு. விடியுமுன் துளசிமணி பீடத்தின்மேல் ஏறி, கரடியின் இரண்டு முழங்கால்களுக்கு நடுவே, வெறும் சிமென்டில், சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நாற்காலி போட அங்கே இடம் இல்லை. வெளுத்ததும் கரடி குனிந்து அவளைப் பார்த்தது. பீடம் வெடித்தது. புல் வந்தது, புதர் வந்தது. கரடியின் கால்களில் பிரண்டை சுற்றிக்கொண்டு இடுப்புக்கு ஏறி, மத்தியானத்துக்குள் தோளைத் தொட்டது. மூன்று மணிக்குக் கன்னத்துக்கு வந்தது. துளசிமணி நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை நாளும் தன்னைப் பார்த்த கண்களை அவள் இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. "போதும் சாமி, நல்லாப் பாத்தே," என்றாள். மூன்றரைக்குப் பிரண்டை இரண்டு கண்ணையும் மூடியது. முளைப்பது நின்றது.

நாலு மணிக்கு மாவட்டத்திலிருந்து அளவையர் தேவசகாயம் வந்தார். எதையும் அளந்து பார்த்தால்தான் நம்புவார். டேப்பை எடுத்து ஈரோட்டிலிருந்து ஆரம்பித்து, கோவை, பழனி, கரூர் என்று முள்ளுக்குள் ஊர்ந்து ஊர்ந்து அளந்தார். பின்னாலேயே தலைவரும் போட்டோக்காரரும் ஊர்ந்தார்கள். கடைசியில் பீடத்துக்கு வந்தார்.

"கொஞ்சம் எந்திரிங்க மேடம்."

துளசிமணி எழுந்தாள். அவள் சம்மணம் போட்டிருந்த இடத்தில், ஒரு பலகை அளவுக்கு, வெறும் சிமென்ட். அவள் உடம்பு மறைத்துக்கொண்டதால் கரடியின் பார்வை அங்கே விழவே இல்லை. கண்ணைப் பிரண்டை மூடிவிட்டது, இனி விழவும் விழாது.

தேவசகாயம் டேப்பை வைத்து அந்த இடத்தை அளந்தார். "ரெண்டே கால் அடிக்கு ஒண்ணே முக்கால்," என்றார். பேனாவைத் திறந்தார்.

துளசிமணி திரும்பப் போய் அந்த இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "இப்ப அளங்க," என்றாள்.

"என்னங்க மேடம்?"

"எடம் தெரியுதுங்களா?"

"தெரியல. நீங்க உக்காந்திருக்கீங்க."

"என்னையப் பாருங்க."

தேவசகாயம் குனிந்து பார்த்தார். கொண்டையில் சங்கம்பூ. காதோரம் இலந்தை. புடவைக் கரையில் ஒரு சாண் உயரத்துக்குப் புல். மடியில் கௌதாரி ஒன்று எப்போதோ இரண்டு முட்டை இட்டிருந்தது. கைப்பைக்குள்ளிருந்து தையல்சிட்டு தலையை நீட்டிக் கத்தியது. அவர் டேப்பை நீட்டி அவளை நீளம், அகலம், உயரம் மூன்றும் அளந்தார். நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுதினார்: காடு, நான்கு ஏக்கர் முழுதும், பூங்கா அலுவலர் உட்பட. கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினார்.

"இனி நீங்க எந்திரிக்கலாம் மேடம். எழுதியாச்சு."

துளசிமணி எழுந்திருக்கவில்லை. முகத்தைக் கரடியின் வயிற்றில் வைத்துக்கொண்டு அழுதாள். இருபத்திரண்டு நாளாக வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து அழுதாள். கூட்டம் சேர்ந்து கைதட்டியது. தலைவர் சென்னியப்பன் இதற்குமேல் பொறுக்கமாட்டாமல் பொன்னாடையை விரித்துக்கொண்டு பீடத்தில் ஏறினார். துளசிமணியைச் சுற்றிலும் முள்ளாக இருந்ததால், கரடிக்குப் போர்த்திப் படம் எடுத்துக்கொண்டார்.

எல்லோரும் போனபிறகு, முட்டைகளைப் புல்லில் பத்திரமாக வைத்துவிட்டு, துளசிமணி கீழே இறங்கினாள். இலந்தைப் புதரடியில் நடந்தாள். காலடியில் எதுவும் புதிதாக முளைக்கவில்லை. கால் லேசாக இருந்தது, என்னவோபோலவும் இருந்தது. பத்து எட்டு வைத்தபின் திரும்பிப் பார்த்தாள். பீடத்தின்மேல் கரடி இல்லை. வேலை முடிந்துவிட்டது, இனி அதன் இஷ்டம்.

அன்று காலை ஸ்கூட்டரை ரத்தினசாமி எடுத்துப் போயிருந்தார். அவள் ரோட்டுக்கு வந்து டவுன் பஸ்ஸைப் பிடித்தாள். பெருக்கு முடிந்து திரும்புகிற கூட்டம், நிற்கக்கூட இடம் இல்லை. இடித்துப் பிடித்து உள்ளே போனாள். நாலாவது வரிசையில், ஜன்னலோரம், கண்ணில் பிரண்டையோடு கரடி உட்கார்ந்திருந்தது. பக்கத்துச் சீட்டில் பொன்னாடையை விரித்து இடம் போட்டு வைத்திருந்தது. அவ்வளவு கூட்டத்திலும் துண்டு போட்ட இடத்தில் யாரும் உட்காரவில்லை. துளசிமணி பொன்னாடையை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பஸ் பைபாஸில் திரும்பியது. தூரத்தில் புது பஸ் ஸ்டாண்டு தெரிந்தது. ஆறு ஏக்கர், வெள்ளை வெளேரென்று புதுச் சிமென்ட். நடுவில் ஒரு விளக்குக் கம்பம். சாய்ந்த வெயிலில் அதன் நிழல் நீளமாக விழுந்திருந்தது. நிழலுக்குள் ஜனங்கள் ஒருவர் பின் ஒருவராக வரிசையாக நின்றார்கள். துளசிமணி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். வீடு அதற்கு இரண்டு ஸ்டாப் முன்னாலேயே வந்து போயிருந்தது.

"எங்கீங்க?" என்றார் கண்டக்டர்.

"புது பஸ் ஸ்டாண்டு. ரெண்டு."

கண்டக்டர் கரடியைப் பார்த்தார். "லக்கேஜுங்களா, ஆளுங்களா?"

"ஆளு."

இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார். "படி பழசுங்க. எறங்கறப்ப ஆளப் பாத்து எறக்குங்க."